உவமை ஆற்றும் புண்

ஈப்போவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை ஒன்று தோன்றியது. காலப்போக்கில் அவ்வூர்ப் பெயரே நம்மிடையே ஓர் ஆகுபெயராகிவிட்டது. 'இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்' என்னும் கேலியைத் தோட்டத்து லயங்களில் கேட்டே வளர்ந்தேன். மருத்துவமனை பின்னர் 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, எனப் பெயர் மாற்றம் பெற்றது, கேலியோ மாறவில்லை. அதற்கு அஞ்சியே நோயை மறைத்தவர் உளர். சொல் புண்படுத்தும். அதுவே புண்ணை ஆற்றவும் வல்லது என்பதை என் அத்தையிடம் கண்டேன்.

அத்தை சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது, ஈப்போவில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். உணவும் உறக்கமும் குறைந்தன, பேச்சும் நின்றது. மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். என்ன செய்கிறது என்று அவர் வினவ, "நான் பால் வத்துன மரம், ஐயா" என்றார் அத்தை.

மருத்துவர் அவ்வுவமையை ஒதுக்கவில்லை; விளக்கவும் முற்படவில்லை. "மரத்துக்கு ஏன் பால் வற்றுகிறது, அம்மா?" என்றார்.

"ஓய விடாம சீவினா வத்தும்."

"அப்போது என்ன செய்வீர்கள்?"

"வெட்ட நிறுத்தி ஓய விடுவோம். சீவுன பட்டை திரும்ப வளரும். கத்தி கட்டை வரைக்கும் போயிருந்தா முண்டும் முடிச்சுமாத்தான் வளரும்." சற்றே நிறுத்தி, "எனக்குக் கட்டை வரைக்கும் போயிருச்சு" என்று சொல்லி அழுதார். பல வாரங்களுக்குப் பின் அவர் பேசிய நீண்ட பேச்சு அதுவே. மருந்தும் தரப்பட்டது, நலம் மெல்ல மெல்லவே வந்தது. ஆயினும் அதற்கு வாயில் திறந்தது அம்மரமே.

அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901–1980), புற்றுநோயின் வலியால் துடித்த பூச்செடி வளர்ப்பவர் ஒருவரிடம் நோயைப் பற்றிப் பேசாது, தக்காளிச் செடி அமைதியாக வளர்வதைப் பற்றியே பேசி அவருக்கு ஆறுதல் அளித்தார். கேட்பவரின் தொழிலிலிருந்தே உவமையை எடுத்ததில்தான் அவரது திறம் இருந்தது.

தமிழறிந்தோர்க்கு இது புதிதன்று. நேரே உரைக்க நாணும் செய்தியை, அந்நிலத்துக் கருப்பொருளின் வழியே குறிப்பாக உணர்த்துவதைத் தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்றார். அதனை இலக்கணக் கூறாக மட்டும் கற்பித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

நம் மாணவருள் சிலர் நாளை மருத்துவராவர், சிலர் தாதியராவர். 'நெஞ்சில் கல் கிடக்கிறது' என்று ஒரு மூதாட்டி சொல்லும்போது, நெஞ்சுக்குப் படமெடுப்பதோடு நில்லாமல், 'அந்தக் கல் எவ்வளவு கனம், பாட்டி?' என்றும் கேட்கத் தெரிந்தவராய் அவர்களை அனுப்புவது தமிழாசிரியர் கடன்.