சாவிக்கு முந்திய பொத்தான்

கீழ்பென்னாத்தூரில் பெரியப்பா வீட்டு வாசலில் என் புதுக் காரை நிறுத்தியிருந்தேன். சாவி சட்டைப் பையிலேயே இருக்க, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். அவர் வியக்கவில்லை. "நாங்க ஜீப்புல காலால அமுக்குனோம்டா, நீ கையால அமுக்குற" என்றார். இளவயதில் மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவரின் பழைய வில்லிஸ் ஜீப்பை ஓட்டியவர். அப்படியானால் சாவிதான் பிந்தி வந்ததா? தேடத் தொடங்கினேன்.

பெரியப்பா சொன்னது சரி. ஆரம்பகாலக் கார்களில் ஹேண்டில் போட்டுத்தான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். சில நேரம் அது எதிர்த்து உதைத்துக் கையை முறித்துவிடும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக் கார்களில் வந்தது. அதன் பிறகும் வெகுகாலம் செல்ஃப் எடுக்கத் தனிப் பொத்தான்தான். வில்லிஸில் அது தரையில், காலுக்கடியில் இருந்தது. சாவியைத் திருப்பினாலே செல்ஃப் எடுக்கும் ஏற்பாட்டைக் கிரைஸ்லர் 1949இல்தான் கொண்டுவந்தது.

பொத்தான் திரும்பி வந்தபோது சாவி பைக்குள் போய்விட்டது. 1998இல் அறிமுகமான மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் இந்த வசதி வந்தது. பொத்தான் கியர் லீவரின் தலையில் இருந்தது. நம் பக்கத்தில், ஒரகடம் ஆலையில் தயாரான நிசான் மைக்ரா 2010இல் சிறிய காருக்கே இதைக் கொடுத்தது.

உள்ளே நடப்பது அழகான வேலை. அமுக்கியதும் கார் தாழ்ந்த அலைவரிசையில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், கூப்பிடுகிறது. அருகிலிருக்கும் சாவி விழித்து, மறையாக்கம் செய்த பதிலை அனுப்புகிறது. பதில் பொருந்தினால்தான் இன்ஜின் கிளம்பும். 2011இல் சூரிச் ஆய்வாளர்கள் இந்த அலைகளை நீட்டித்துக் கடத்தி, சாவி தொலைவில் இருக்கும்போதே 10 மாடல்களை ஏமாற்றிக் காட்டினார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது திருட்டு அல்ல. கிளம்பிய பிறகு சாவி வெளியே போனாலும் இன்ஜின் நிற்காது, எச்சரிக்கை மட்டும் வரும். ஓடும் வண்டி நடுவழியில் நின்றால் ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். பௌர்ணமியன்று மனைவியைத் திருவண்ணாமலை கோயில் வாசலில் இறக்கிவிடுகிறீர்கள். சாவி அவர் கைப்பையில். தள்ளிப்போய் வண்டியை அணைத்தால், அவ்வளவுதான், மறுபடி எடுக்க முடியாது.

நிறுத்துவது அதைவிட முக்கியம். 2009இல் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே லெக்சஸ் கார் ஒன்றில் ஆக்ஸிலரேட்டர் தரைவிரிப்பில் சிக்கி, நால்வர் இறந்தார்கள். ஓடும்போது அந்தக் காரை அணைக்கப் பொத்தானை 3 நொடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். அரை நொடி போதும் என்ற விதியை அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை 2011இல் முன்மொழிந்தது.

வண்டி டெலிவரி எடுக்கும் நாளில் மாலையும் எலுமிச்சையும் இருக்கட்டும். புறப்படும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஓடும்போது இன்ஜினை எப்படி அணைப்பது, சாவியின் பேட்டரி தீர்ந்தால் எப்படிக் கிளப்புவது. பல கார்களில் சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினாலே கிளம்பிவிடும். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அதைச் செய்து காட்டிவிடுங்கள்.