திரையின் அளவும் யாமும்

ஓசூர்ச் சிப்காட் பகுதியிலுள்ள பட்டறை ஒன்றிற்கு, உதிரிப் பாகங்களின் அளவுகளைப் பதிந்து வைக்கும் கணினி நிரலொன்றை யாம் சென்ற ஆண்டு எழுதிக் கொடுத்தோம். எம் திரை 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடையது. அதன்கண் யாவும் செவ்வனே அமைந்திருந்தன.

மறுவாரம் அங்குச் சென்றபொழுது, முதிய தொழிலாளர் ஒருவர் கையால் எழுதிய குறிப்பேட்டை எம்மிடம் நீட்டி, "சேமிக்கும் பொத்தான் என் கண்ணுக்கு அகப்படவில்லை, தம்பி, எனக்குப் படிப்புப் போதாது" என்றார். பட்டறைத் திரையின் உயரமோ 768 புள்ளியே. பொத்தானை மேலிருந்து 900ஆம் புள்ளியில் நிறுத்தியவர் யாமே! திரையில் இல்லாத ஒன்றைத் தேடி, மூன்று இரவுகள் அவர் தம்மையே நொந்துகொண்டார். யாம் பெரிதும் நாணினோம்.

அன்றே திருத்தத் தொடங்கினோம். பொத்தானைச் சாளரத்தின் கீழ்விளிம்போடு பிணைத்தோம். திரையளவு மாறுந்தோறும் விண்டோஸ் அதனை நிரல்களுக்கு அறிவிக்கும். அவ்வறிவிப்புக் கிடைத்தவுடன் சாளரம் திரைக்குள் அடங்கவும், இடம் போதாவிடில் அட்டவணை மட்டும் உருளவும் செய்தோம். 2013இல் வந்த விண்டோஸ் 8.1 முதல், எழுத்தின் பெருக்கமும் திரைக்குத் திரை வேறுபடலாம்; ஆதலின் எழுத்துகளுக்குரிய இடத்தையும் நிரலே அளந்தறியுமாறு அமைத்தோம்.

பின்னர் அம்முதியவர் பொத்தானை அழுத்திக் குறிப்பேட்டை மூடினார். அவரிடம் பிழை எமதே என்று கூறினோம்.

மாணாக்க நண்பர்காள், நிரல் எழுதுமுன், அது இயங்கவிருக்கும் திரையை ஒருமுறை சென்று காண்மின்.