பிரதி கேட்க வெட்கப்பட்டோம்

அத்தான் குடும்பமும் நாங்களும் காசைச் சேர்த்து 2020இல் ஸ்காபரோவில் ஒரு பழைய வீடு வாங்கினோம். பேஸ்மென்ற் எங்களுக்கு, மேல்தளம் அவர்களுக்கு. 2022இல் பனி உருகியபோது பேஸ்மென்ற் சுவரால் தண்ணீர் கசிந்து, விடியப் பார்த்தால் பிள்ளைகளின் மெத்தை ஊறிப்போய்க் கிடந்தது.

தெரிந்தவர்கள் மூலம் ஒருவர் வந்தார். எங்கட ஆள். வெளிச்சுவர் ஓரமாகக் கிடங்கு வெட்டி, அத்திவாரத்துக்குத் தார் பூசி, குழாய் பதிக்க வேண்டும் என்றார். குசினி மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடியே ஒரு தாளில் "சுமார் 9,000 டொலர்" என்று எழினார். "தம்பி, காசாகத் தந்தால் 13 வீத வரி இல்லை" என்றும் சொன்னார். எங்களுக்கும் அது இனித்தது, மறைப்பானேன். கையெழுத்து வைத்து, சீட்டெடுத்த காசில் 4,500 கொடுத்தோம். தாளை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் மேசனுக்கு அன்றன்று கூலியும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தோமே தவிர, துண்டு எழுதிப் பழக்கமில்லை. ஒரு பிரதி தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. நம்பவில்லை என்று நினைப்பாரே!

நாலாம் நாள் அத்தானுக்கு மனம் கேட்கவில்லை. பாதிக் காசை முன்னுக்குக் கொடுத்தது பிழை, வேண்டாம் என்று சொல்லுவோமா என்றார். கையெழுத்து வைத்தாயிற்று, இனி என்ன செய்வது என்று நாங்கள்தான் தடுத்தோம். அதுதான் பெரிய பிழை.

அவர் வந்து கிடங்கை வெட்டினார். வெட்டிய மூன்றாம் நாள், அத்திவாரம் நினைத்ததிலும் பழுது, 12,500 வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்றார். ஆட்களும் வரவில்லை. மழை பெய்து கிடங்கு நிரம்பியது. இரவு வேலை முடிந்து வந்து வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றினோம்.

பக்டரியில் எங்களோடு லைனில் நிற்கும் பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர் கதையைக் கேட்டுவிட்டு, "ஒப்பந்தப் பிரதி எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் எடுக்கச் சொன்னதும் அவர்தான். எடுத்தோம். எங்கள் அரைகுறை ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டார்கள்.

ஒன்ராறியோவில் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கடையில் அல்லாமல் எங்கள் வீட்டில் வைத்துப் பேசி முடிக்கும் ஒப்பந்தம் 50 டொலருக்கு மேற்பட்டால் எழுத்தில் இருக்க வேண்டும், பிரதி எங்கள் கையில் தரப்பட வேண்டும். வேலை விபரம், விலை, தொடங்கும் நாள், முடியும் நாள், எங்கள் உரிமைகள் எல்லாம் அதிலே இருக்க வேண்டும். பிரதி கிடைத்ததிலிருந்து பத்து நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்தால் 15 நாளுக்குள் காசு திரும்பி வர வேண்டும். ஒப்பந்தம் சட்டப்படி எழுதப்படாவிட்டால் ஒரு வருடம் வரை ரத்துச் செய்ய இடமுண்டு. அத்தான் வேண்டாம் என்ற அன்று எங்கள் பத்து நாள் தொடங்கவே இல்லை!

விலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மதிப்பீடாக ஒரு தொகை எழுதினால் அதற்கு மேல் 10 வீதம்தான் கூட்டிக் கேட்கலாம். 9,000 என்றால் 9,900. நாங்களாகவே கூடுதல் வேலை கேட்டு, புதிய விலைக்கு இணங்கினால் வேறு கதை. அதற்கும் மேலே கேட்டால், எழுதிய விலைக்கே செய்து தரும்படி நாங்கள் கேட்கலாம்.

கிடங்கு திறந்து கிடக்கிறது, ரத்துச் செய்தால் வேறு ஆள் தேட வேண்டும். ஆகவே 9,000க்கே முடித்துத் தரும்படி கேட்டோம், இல்லாவிட்டால் ரத்துச் செய்வோம் என்று பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். காசு கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு இல்லை. வங்கியில் எடுத்த கணக்கும், "4,500 கிடைத்தது" என்று அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரியும் இருந்தன. வரி மிச்சம் பிடிக்கப் போய் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

கடிதம் கிடைத்த அன்றே போன் வந்தது. "எங்கட ஆக்கள் எண்டு வந்தால் என்னோட சட்டம் கதைக்கிறியளோ?" என்று சத்தம் போட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. மறுகிழமை இரண்டு பேருடன் வந்து மூன்று நாளில் முடித்தார். மீதி 4,500ஐக் காசோலையாகக் கொடுத்தோம். இப்போது கலியாண வீடுகளில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எங்களுக்கும் கவலைதான்.

புதிதாக வீடு வாங்குபவர்களுக்கு இன்னொன்று. சூடாக்கி, தண்ணீர் வடிகட்டி, ஏசி விற்க அழையாமல் வந்து கதவு தட்டி, வீட்டில் வைத்தே ஒப்பந்தம் எழுதுவது 2018 மார்ச் 1ஆம் திகதியிலிருந்து இங்கே தடை. வாடகைச் சூடாக்கிக்காக வீட்டு உறுதியில் பதிவு போட்டு, வீட்டை விற்கும் நேரம் ஆயிரக்கணக்கில் கேட்ட கொம்பனிகளும் இருந்தன. அப்படிப் பதிவு போடுவது 2024 யூன் மாதம் நிறுத்தப்பட்டது.

அண்மையில் கூரை மாற்ற ஒருவர் வந்தார். இவரும் தமிழர்தான். பிரதி கேட்டோம். கோபிக்கவில்லை, அச்சடித்த ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை, இரண்டு தேத்தண்ணீர் குடித்தபடி காத்திருந்தார்.