மழையில் கேளாத குரல்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் சிறுவர்களாய் இருந்த காலத்தில், எங்களைத் துயிலெழுப்பியது சேவலன்று, பிரட்டுத் தப்பு. தப்புக்காரர் விறகு நெருப்பில் தோலைக் காய்ச்சி, முறுக்கேற்றிக்கொண்டே அடிப்பார். பனியில் ஊறிய தோல் 'தொப் தொப்' என்னுமேயன்றி முழங்காது. எங்கள் பிரட்டுக்களத்துத் தப்பு ஒருபுறமிருக்க, பள்ளத்தாக்குக்கு அப்பால் அடுத்த தோட்டத்தில் அடிக்கும் தப்பும் காதருகே ஒலிப்பதுபோலத் தெளிவாய்க் கேட்கும். நண்பகலிலோ, அதே தோட்டத்துச் சாவு வீட்டில் எத்தனை தப்பு முழங்கினாலும் எங்கள் செவிக்கு எட்டாது. இஃதென்ன மாயம் என்று வியப்போம்.

மாயமன்று என்பதைப் பின்னர் விஞ்ஞான ஆசிரியர் விளக்கினார். சுழிப் பாகைக் குளிர்காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 331 மீற்றர் செல்லும். வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும் வேகம் சுமார் 0.6 மீற்றர் கூடும். மேகமற்ற இரவில் நிலம் குளிர, குளிர்காற்று பள்ளத்திலே தேங்கும். அதன்மேல் சற்று வெப்பமான காற்று நிற்கும். மேலே விரைவும் கீழே தாமதமுமாகச் செல்லும் ஒலியலை, நிலத்தை நோக்கி வளைந்து இறங்கிவிடும். பகலில் வெயில் தரையைச் சுடவைப்பதால் அது மேல்நோக்கி வளைந்து வானத்திற் போய்விடும்.

எதிரொலியைப் பற்றியும் சொன்னார். கூவியபின் இரண்டு செக்கனில் மறுகுரல் வந்தால் பாறை சுமார் 340 மீற்றர் தூரத்தில் உள்ளதாம். அன்று மாலையே கத்திப் பார்த்துக் கங்காணியாரிடம் ஏச்சு வாங்கினோம்.

இந்த அறிவெல்லாம் உதவாத ஓரிரவும் வந்தது. ஐப்பசி மாதம், நமுனுகுல மலைப்பக்கமிருந்து வந்த மழை லயத்துத் தகரக் கூரையிற் கொட்டிற்று. அடுத்த காம்பராவில் தனியே வாழ்ந்த முதியவளை நாங்கள் அம்மாயி என்போம். நடுச்சுவர் கூரைவரை எட்டாதபடியால் அவள் இருமினாலும் எங்களுக்குக் கேட்கும். அன்றிரவு அவள் அடுப்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பொடிந்து, விடியும்வரை கூப்பிட்டிருக்கிறாள். பத்தடிக்கு அப்பால் உறங்கிய எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"கூப்பிட்டேனே, ராசா" என்று காலையில் அவள் சொன்னபோது அப்பா தலைகுனிந்து நின்றார். கம்பளியில் கிடத்தித் தெருவரை தூக்கிச் சென்றார்கள். அவள் குரல் சுவரைத் தாண்டி வந்துதான் இருக்கும். தகரத்தில் விழுந்த துளிகளின் இரைச்சல் அதனை மூழ்கடித்துவிட்டது.

பல மாதங்களின் பின் ஊன்றுகோலுடன் திரும்பியவளுக்கு அப்பா ஓர் உபாயஞ் செய்தார். அவளுடைய பாயையும் தம்முடைய பாயையும் நடுச்சுவரின் இருபுறமும் ஒட்டிப் போடச் செய்து, அவள் கைக்கெட்ட முற்றிய தேயிலைக் கட்டையொன்றை வைத்தார். காற்றில் வரும் குரல் சுவரிற் பட்டால் பெரும்பகுதி தெறித்துத் திரும்பிவிடும். கட்டையால் இடித்தாலோ சுவரே அதிரும். கல்லினூடே அவ்வதிர்வு காற்றிலும் பன்மடங்கு விரைந்து தலைமாட்டை வந்தடையும். அப்பா விஞ்ஞானம் படித்தவரல்லர்.

அடுத்த அடைமழை இரவில் சுவர் 'டொக் டொக்' என்று அதிர்ந்தது. அப்பா லாந்தரை எடுத்துக்கொண்டு ஓடினார். நாங்களும் பின்னாலே ஓடினோம். அம்மாயி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்றுமில்லை, ராசா. கேட்கிறதா என்று பார்த்தேன்."

அப்பா ஏசவில்லை. அங்கேயே அடுப்பை மூட்டி, வெறுந்தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்து படுத்தார்.