துணை நிற்பதும் தொண்டே

மார்கழித் திருவாதிரை நாளில் திருச்சுழியில் இருப்பதைப் பல ஆண்டுகளாக நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். குண்டாற்றங்கரையில் அமைந்த திருமேனிநாதர் திருக்கோயில், சுந்தரமூர்த்தி நாயனாரால் பாடப்பெற்றது. பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கனுள் ஒன்று. இறைவன் திருப்பெயர் திருமேனிநாதர். இறைவி திருப்பெயர் துணைமாலை அம்மை. கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது சுந்தர மந்திரம். 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன நாளின் பின்னிரவில், பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி அவதரித்த இல்லம் அது.

கரிசல் காடும் சீமைக்கருவேலமும் சூழ்ந்த இந்த வறண்ட பூமியில் பிறந்து வளர்ந்தவன் நான். வங்கிப் பணியில் பல ஊர்களைச் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்றபின் சொந்த ஊருக்கே திரும்பினேன். சிறு வயது முதல் கும்பிட்டு வரும் அம்மையின் சந்நிதியில், 2022 ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செய்த பிழைக்கு மன்னிப்பு வேண்டி நின்றேன். அதை எழுத இதுநாள்வரை மனம் ஒப்பவில்லை. அதே பிழை இன்றும் பல வீடுகளில், பக்தியின் பெயராலேயே நடந்துகொண்டிருக்கலாம் என்ற எண்ணந்தான் இப்போது எழுதத் தூண்டுகிறது.

என் அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். தாயை நான் சிறு பிராயத்திலேயே இழந்துவிட்டதால், சோறூட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பியவர் அவரே. கணவர் மறைந்தபின் எங்களோடு வந்து தங்கினார். அருப்புக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் மல்லிகை மொட்டை வாங்கி, வெள்ளிதோறும் தம் கையாலேயே தொடுத்து அம்மைக்குச் சாற்றுவது அவர் கைங்கரியம். மழையானாலும் வெயிலானாலும் அது தவறியதில்லை.

அவருக்கு மார்பகத்தில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சையும் மற்றச் சிகிச்சைகளும் நடந்தன. மூன்று ஆண்டுகள் நலமாக இருந்தார். பிறகு நோய் திரும்பி, முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவிவிட்டது. நாங்கள் காட்டிவந்த மருத்துவமனையில், “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை; வீட்டுக்கு அழைத்துச் சென்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை யாரும் சொல்லவில்லை. வலி கூடியபோது வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். இரவு படுக்கும் வேளையில் மட்டும் இரு மடங்கு என்பது அவர் சொன்ன அளவு.

நான் வங்கிக்காரன். மாத்திரைகளை எண்ணிப் பெட்டியில் பூட்டினேன். ஒரு குறிப்பேட்டில் நாளும் நேரமும் எழுதினேன். ஆனால் மருத்துவர் சொன்ன அளவை நான் கொடுக்கவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவே.

இதற்கு மூன்று காரணங்களை நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கப்படுவது. பழகிவிட்டால் விடமாட்டார் என்பது முதலாவது. வினைப்பயனை அனுபவித்தே தீர்க்க வேண்டும், இடையில் புகுந்து தடுக்க நாம் யார் என்பது இரண்டாவது. மயக்கத்திலேயே கிடந்து, அந்திமக் காலத்தில் ஆண்டவன் நாமம் நாவில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது அச்சமே எல்லாவற்றிலும் பெரிது. வாசக அன்பர்கள் பலருக்கும் இந்த அச்சம் புரியும்.

ஒருநாள் இரவு அக்கா மெல்லக் கேட்டார்: “தம்பி, இன்னொரு மாத்திரை இருக்காப்பா?”

நான் சொன்னேன்: “பகவான் ரமணருக்கும் இந்த நோய்தானே அக்கா. அவரே பொறுத்துக்கிட்டார். நீங்க நாமத்தைச் சொல்லிக்கிட்டு இருங்க.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த மௌனத்தைப் பொறுமை என்று எண்ணி நான் நெகிழ்ந்தேன்.

தமிழக அரசு 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து தருவதோடு, நோய் ஆதரவு சிகிச்சை என்ற ஒரு பகுதியும் உண்டு. குணமாக்க முடியாத நோயில் படுக்கையில் இருப்பவர்களைச் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். பக்கத்து வீட்டார் சொல்லி, அப்படி ஒரு செவிலியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் பேசினார். பிறகு என் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“ஐயா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல காலை ஆறு வரைக்கும் ஒண்ணுமே எழுதலையே?”

“இரவில் கொடுப்பதில்லை அம்மா. நன்றாகத் தூங்கிவிடுவார்” என்றேன்.

அவர் அக்காவிடம் திரும்பினார். “ராத்திரி தூங்குறீங்களாம்மா?”

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “தூங்கி ரெண்டு மாசமாச்சு தாயி. தம்பி முழிச்சிருவானேன்னு சத்தம் போடாம கிடக்கேன்.”

நான் தலை குனிந்து நின்றேன். ஆயினும் என் பெரிய அச்சத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். இந்த மருந்து நினைவை மங்கச் செய்தால் சுவாமி நாமம் சொல்ல முடியாதே என்றேன். செவிலியர் பதில் சொல்லுமுன் அக்காவே சொன்னார்: “சாமி பேரு வாயில வந்து எத்தனை நாளாச்சு! வலி எந்திரிச்சா ‘ஐயோ’ங்கிறதுதானே வருது.”

எதை மருந்து பறித்துவிடும் என்று பயந்தேனோ, அதை வலி முன்பே பறித்துவிட்டிருந்தது.

அன்று அந்தச் செவிலியர் எனக்குச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன். தொடர்ந்த வலிக்கு, வலி வந்தபின் மாத்திரை தேடக்கூடாது. முந்திய மாத்திரையின் வேகம் அடங்குமுன் அடுத்ததைக் கொடுத்துவிட வேண்டும். இரவில் இரு மடங்கு எழுதியிருப்பது, நோயாளி நடுநிசியில் வலியால் எழாமல் உறங்குவதற்காக. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மேற்பார்வையில் சரியான அளவில் கொடுக்கும்போது, அடிமையாகிவிடுவது அரிது. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். பெரும்பாலும் தாமே குறையும். மலச்சிக்கல் மட்டும் நீடிக்கும். அதற்கு உடனேயே வேறு மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். எலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலும் பலருக்கு நல்ல பலன் கிடைக்கும் என்றும் சொன்னார். அவ்வாறே மதுரைக்கு அழைத்துச் சென்று, ஒரு வேளை கதிர்வீச்சு கொடுத்து அழைத்து வந்தோம். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, உலர்ந்த வாயைத் துடைப்பது, கால் வீக்கத்துக்குத் தலையணை வைப்பது எல்லாவற்றையும் என் மனைவிக்கும் எனக்கும் அவரே செய்து காட்டினார்.

நான்காம் நாள் இரவு அக்கா விடியும்வரை உறங்கினார். காலையில் எழுந்து ரசம் சாதம் கேட்டார். பத்து நாள் கழித்து, “பூக்காரன் வந்தா ஒரு படி மொட்டு வாங்கி வைப்பா” என்றார்.

அவர் சுவரில் சாய்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், பகவானின் சரிதத்தை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். நான் அக்காவிடம் சொன்னது பாதி உண்மைதான் என்பது அப்போது விளங்கிற்று. பகவானின் இடது கரத்தில் புற்று தோன்றியது. 1949 இல் பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. ரேடியம் சிகிச்சையும் நடந்தது. கரத்தை எடுத்துவிட வேண்டும் என்றபோது அதை மட்டும் அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு மகாசமாதி அடையும் நாள்வரை அடியார்களுக்குத் தரிசனம் தருவதை நிறுத்தவில்லை. அது உடல் தாம் அல்லர் என்று உணர்ந்த ஒரு ஞானி, தம் சொந்த மேனியைப் பற்றித் தாமே செய்த முடிவு. அதை என் அக்காவின் மேனிக்குச் சட்டமாக்க எனக்கு என்ன உரிமை?

பிறர் துன்பத்தின்போது பகவான் என்ன செய்தார் என்பதையல்லவா நான் பார்த்திருக்க வேண்டும்? அவருடைய அன்னை அழகம்மை, இதே திருச்சுழியில் வாழ்க்கைப்பட்டு, இதே தெருக்களில் நடந்தவர். 1922 ஆம் ஆண்டு மே 19 அன்று திருவண்ணாமலையில் அந்த அன்னையின் இறுதி நாள். காலை முதல் இரவு உயிர் அடங்கும்வரை மகன் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். வலக்கையை அன்னையின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தபடி இருந்தார். தமக்கு வந்த நோயில் பொறுமை. பிறருக்கு வந்தபோது பக்கத்தில் துணை. நான் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றையும் பிறகு தேடிப் படித்தேன். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் 1967 இல் இலண்டனில் இதற்கென்றே ஓர் இல்லம் தொடங்கினார். நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பக் கவலையிலும், ஆன்மாவிலும் இருக்கிறது. நான்கையும் சேர்த்தே தணிக்க வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், 1993 இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய பணி, ஊர்மக்களே தொண்டர்களாக வீடு வீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு அனுமதியுடன் அபின் பயிரிடப்படுகிறது. இருந்தும் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகளால், மருத்துவமனைகளே மார்ஃபின் வைத்திருக்கத் தயங்கின. 2014 இல் திருத்தம் வந்து விதிகள் எளிமையாயின. சட்டம் தளர்ந்துவிட்டது, என்னைப் போன்றவர்களின் மனம்தான் தளரவில்லை.

இனி, அந்த வெள்ளிக்கிழமை. ஆட்டோவில் தலையணைகளை அடுக்கி அக்காவை உட்கார வைத்து, மெதுவாக ஓட்டச் சொல்லிக் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். அம்மை சந்நிதிக்கு எதிரே சக்கர நாற்காலியில் அமர்ந்தார். மடியில் அவர் தொடுத்த சரம். கண்ணை மூடி, உதடு அசைய, நெடுநேரம் நாமம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் அவர் காலடியில் குனிந்து, “அக்கா, நான் உங்களுக்கு ரெண்டு மாசம் பெரிய கொடுமை பண்ணிட்டேன்” என்றேன். மேற்கொண்டு பேச்சு வரவில்லை.

அவர் கண்ணைத் திறந்து, “அதெல்லாம் இருக்கட்டும். பூ வாடுது பாரு, குருக்கள்கிட்ட கொடு” என்றார்.

அதன்பின் பதினொரு வாரங்கள் இருந்தார். நோய் குணமாகவில்லை, உடல் மெலிந்துகொண்டே வந்தது. ஆனால் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். தம் நகையை யார் யாருக்கு என்று பிரித்துக் கொடுத்தார். பேச்சு நின்றிருந்த ஓர் உறவினரை அழைத்து மனம்விட்டுப் பேசினார். வலியோடு இருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திராது. கடைசி இரண்டு நாட்கள் நினைவு இல்லை. நான் அவர் தலைமேல் கை வைத்து, காதருகே நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளத்தில் அது ஒலித்ததா என்று எனக்குத் தெரியாது. முகத்தில் வலியின் சுளிப்பு இல்லை என்பது மட்டும் தெரியும். காரியங்கள் முடிந்தபின், மீதி மாத்திரைகளை எண்ணி, குறிப்பேட்டில் எழுதி, செவிலியரிடம் ஒப்படைத்தேன்.

என் வயதொத்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்தில் ஒருவர் இந்நோயால் வாடினால், “வலிக்கிறதா?” என்று தினமும் கேளுங்கள், இரவைப் பற்றித் தனியே கேளுங்கள். மருத்துவர் எழுதிய அளவை உங்கள் விருப்பப்படி கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஐயம் இருந்தால் அவரிடமே கேளுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோய் ஆதரவு சிகிச்சை பற்றி விசாரியுங்கள். நாளை நாமே அந்தப் படுக்கையில் இருக்க நேர்ந்தால், நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வைப்போம்.

இப்போதும் வெள்ளிதோறும் மல்லிகைச் சரம் வாங்கிச் செல்கிறேன். எனக்குத் தொடுக்கத் தெரியாது, கடையில்தான் வாங்குகிறேன். திருமேனி என்று இறைவனை அழைக்கும் ஊரில், ஒரு மேனி படும் பாட்டை அறியாமல் இருந்தவன் நான். துன்புறும் எவரும் துணையின்றிக் கிடக்கலாகாது என்று துணைமாலை அம்மையின் திருவடியில் வேண்டி, இதை நிறைவு செய்கிறேன்.