வாடகை தனி, டீசல் தனி

சீஷெல்ஸ் தீவுகளுக்குப் போய் ஒரு வாரம் படகிலேயே குடியிருந்துவிட்டு வந்தோம் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆச்சு?" கடல் எப்படி இருந்தது என்பதெல்லாம் அப்புறம்தான். கேட்பதில் தப்பில்லை. கிளம்புவதற்கு முன் நானும் அதைத்தான் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் ஐந்தாயிரம் யூரோ என்றார், இன்னொருவர் பன்னிரண்டாயிரம் என்றார். இரண்டு பேரும் சொன்னது ஒரே அளவுப் படகுக்கு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது பில் கைக்கு வந்தபோது புரிந்தது.

நம்மூரில் கல்யாண மண்டபம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாடகை என்று ஒரு தொகை சொல்வார்கள். கரண்ட் மீட்டர்படி, ஜெனரேட்டர் டீசல் மணிக்கணக்கில், துப்புரவு தனி, தண்ணீர் லாரி தனி, பாத்திரத்துக்கு அட்வான்ஸ், ஏதாவது உடைந்தால் அதில் பிடித்தம். சொகுசுப் படகும் இப்படித்தான். வெறும் படகை மட்டும் எடுத்து நாமே ஓட்டுவதற்கு 'பேர்போட்' என்று பெயர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த விலை. அதற்குப் படகோட்டும் தகுதிச் சான்றிதழ் காட்ட வேண்டும். எங்கள் கூட்டத்தில் இருந்ததெல்லாம் கார் லைசென்ஸ்.

நாங்கள் எடுத்தது 42 அடி நீளமுள்ள, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான். நான்கு படுக்கையறை, எட்டுப் பேர். வாரத்துக்கு வாடகை 6,800 யூரோ. படகை ஓட்டும் ஸ்கிப்பருக்கு நாளொன்றுக்கு 200, சமையல்காரருக்கு 180. படுக்கை விரிப்பு, கடைசி நாள் துப்புரவு, கரைக்குப் போய்வரும் சின்ன ரப்பர் படகின் மோட்டார் எல்லாம் சேர்த்து 350. டீசல் 200, சாப்பாட்டுச் சாமான் 1,100, கடல் பூங்காக்களின் கட்டணம் 250, கடைசியில் இருவருக்கும் அன்பளிப்பு 600. கூட்டினால் பன்னிரண்டாயிரத்தைத் தொடுகிறது. அதாவது பெரிய எழுத்தில் போட்டிருந்த வாடகை, மொத்தத்தில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். யூரோ நூறு ரூபாயை ஒட்டி நின்றதால் தலைக்கு ஒன்றரை லட்சம். விமானம் இதில் சேராது. டெபாசிட் வேறு. சில ஆயிரம் யூரோவை கிரெடிட் கார்டில் முடக்கி வைப்பார்கள். யார் கார்டில் அவ்வளவு லிமிட் இருக்கிறது என்று மும்பை விமான நிலையத்தில் உட்கார்ந்து எட்டுப் பேரும் விசாரணை நடத்தியதை இங்கே விவரிக்காமல் விடுகிறேன். எங்கள் நட்பு தொடர வேண்டும்.

எந்த மாதம் போகிறோம் என்பதும் விலையை ஆட்டிவைக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீஷெல்ஸில் 115 தீவுகள். மாஹே, பிராலின், லா டீக் ஆகிய முக்கியத் தீவுகள் பூமத்திய ரேகைக்குத் தெற்கே நாலைந்து டிகிரியில் கிடக்கின்றன. புயல்களின் பாதை அதற்கும் தெற்கே. கரீபியனில் அப்படியில்லை, ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் பயம். 2017 செப்டம்பரில் இர்மா புயல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் வாடகைப் படகுகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனது. சீஷெல்ஸில் அந்தக் கவலை இல்லாததால் வருஷம் முழுக்க வாடகை ஓடுகிறது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். கடல் முரடாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை. ஆகவே அலை மோசமாக இருக்கும் மாதங்களிலேயே விலை உச்சத்தில் நிற்கிறது. கூடுதல் பணம் கொடுத்து வாந்தி எடுப்பவர்களைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. காற்று திசை மாறும் ஏப்ரலும் அக்டோபரும் தேவலை என்று நாங்கள் அக்டோபர் கடைசியில் போனோம். மாஹேயிலிருந்து பிராலினுக்கு ஃபெரியில் ஒரு மணி நேரம்; எங்கள் படகுக்குப் பாயும் இன்ஜினும் சேர்ந்தும் நாலைந்து மணி நேரம். அந்த மந்தகதிக்கும் சேர்த்துத்தான் காசு.

கிளம்பிய துறை, மாஹேயில் உள்ள தலைநகர் விக்டோரியாவுக்குப் பக்கத்தில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஈடன் தீவு. எதிரே சேன்ட் ஆன் தீவு தெரிகிறது. 1770இல் இந்த நாட்டுக்கு முதன்முதலில் குடியேற வந்த சிறு கூட்டம் அங்கேதான் இறங்கியது. அதில் ஐந்து பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பின்னால் வியாபாரத்துக்கு வந்த தமிழர்களின் வாரிசுகள் இன்றும் விக்டோரியாவில் கடை வைத்திருக்கிறார்கள். பிள்ளை, நாயுடு, செட்டி என்ற பெயர்களைப் பலகைகளில் பார்க்கலாம். 1992இல் கட்டிய நவசக்தி விநாயகர் கோயில் ஊர் நடுவில் கோபுரத்தோடு நிற்கிறது. நாங்கள் ஊருக்குள் போனதற்குப் பக்தி பாதிக் காரணம், கடையில் வாங்க வேண்டிய பருப்பு பாதி. சீஷெல்ஸ் சாப்பாட்டுச் சாமானில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு. தக்காளியின் விலையைப் பார்த்து என் மனைவி அதைத் திரும்பக் கூடையில் வைத்தாள். மலிவு என்று சொல்லத்தக்கது மீன்தான். சந்தையில் சிவந்த பெரிய மீன்களாக வாங்கி ஐஸில் புதைத்துக்கொண்டோம். அதைச் சமையல்காரர் தேங்காய்ப் பாலில் மசாலா போட்டு வைத்த குழம்பு, நம் குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை.

அந்தச் சமையல்காரர் எங்கே தூங்கினார் என்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். படகின் இரண்டு மூக்கு நுனிகளிலும் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு மூடி. திறந்தால் குறுகலான ஒரு பெர்த். நிமிர்ந்து உட்கார முடியாது. ஒன்றில் ஸ்கிப்பர், மற்றதில் அவர். விளம்பரப் படங்களில் இந்த மூடியைத் திறந்து காட்டுவதில்லை. ஸ்கிப்பர் ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து வந்து நங்கூரம் நகர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார். நாளொன்றுக்கு 200 யூரோ என்று கேட்டபோது வாயைப் பிளந்த என் மச்சினன், "அத்தான், இது கம்மி" என்றான்.

ராத்திரியில் இன்னொரு கணக்கும் ஓடியது. ஏசி வேண்டுமென்றால் ஜெனரேட்டர் ஓட வேண்டும்; மணிக்கு மூன்று, நான்கு லிட்டர் டீசல். குளியல் தண்ணீருக்கும் அதே கதை. தொட்டி கொள்ளுவது 300 லிட்டர். பத்துப் பேருக்கு அது எந்த மூலைக்கு? கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருக்கிறது, அதையும் ஜெனரேட்டர்தான் ஓட்டுகிறது. இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவது என்று கூடிப் பேசி முடிவெடுத்தோம். நிறுத்திய கால் மணி நேரத்தில் நான்கு அறைகளிலிருந்தும் ஆட்கள் தலையணையோடு மேலே வந்து, படகின் முன்பக்கம் கட்டியிருக்கும் வலையில் படுத்தார்கள். அங்கே காற்று இலவசம்.

க்யூரியூஸ் தீவின் வளைகுடாவில் எங்களுக்கு அண்டை வீடாக ஒரு மோட்டார் யாட் வந்து நின்றது. ஐம்பது மீட்டர் இருக்கும். எங்கள் ஸ்கிப்பர் அந்த மாதிரிப் படகில் முன்பு டெக்கில் வேலை பார்த்தவர். அவர் சொன்ன கணக்கு வேறு உலகம். அந்த அளவுப் படகுக்கு வாரம் இரண்டு லட்சம் யூரோ வாடகை என்றால், அதில் 30 சதவீதம்போல முன்கூட்டியே கேப்டன் கையில் கொடுத்துவிட வேண்டும். ஏபிஏ என்பார்கள். டீசல், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாம் அதிலிருந்து செலவு. மிஞ்சினால் திருப்பித் தருவார், போதாவிட்டால் நடுவழியில் இன்னும் கேட்பார். முடிவில் ஊழியருக்கு அன்பளிப்பு, பத்து சதவீதமாவது. ஆக 2,80,000. எவ்வளவு பெரிய படகானாலும் விருந்தினர் பெரும்பாலும் பன்னிரண்டு பேர்தான். அதற்கு மேல் ஏற்றினால் சர்வதேசச் சட்டப்படி அது பயணிகள் கப்பல் ஆகிவிடும், விதிமுறைகள் கடுமையாகும். தலைக்கு இருபத்து மூன்று லட்சம் ரூபாய் என்று மச்சினன் போனில் வகுத்துச் சொன்னான். இதுவும் உச்சம் இல்லை. 2024இல் வந்த 122 மீட்டர் 'கிஸ்மத்' யாட்டின் வாடகை வாரம் 30 லட்சம் யூரோ, செலவுகள் தனி.

இவ்வளவு வாங்கியும் முதலாளிக்கு லாபமில்லையாம். ஒரு யாட்டை வைத்துக் காப்பாற்ற வருஷத்துக்கு அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்பது அந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. வாடகைக்கு விடுவதே அந்த ஓட்டையைக் கொஞ்சமாவது அடைக்கத்தான். மறுநாள் காலை அந்த யாட்டின் விருந்தினர்களும் நாங்களும் ஒரே மணலில் இறங்கி, ஒரே ராட்சத ஆமைகளின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தோம். பூங்காக் கட்டணம் இரு தரப்புக்கும் தலைக்கு ஒன்றேதான்.

எங்கள் அளவில் இது கட்டுப்படியாகுமா என்றால், எட்டுப் பேர் சேர்ந்தால் ஆகும். தம்பதிக்கு ஓரிரவு 430 யூரோ வருகிறது. பிராலினில் கடலைப் பார்த்த நல்ல விடுதியில் அறை மட்டுமே கிட்டத்தட்ட அந்த விலை, சாப்பாடும் தீவுக்குத் தீவு போகும் செலவும் சேராமல். நான்கு பேர் மட்டும் எடுத்தால் முட்டாள்தனம். விலை கேட்கும்போது 42 அடிக்குப் பதிலாக 45 அடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று தரகர்கள் கட்டாயம் ஆசை காட்டுவார்கள். அந்த வித்தியாசத் தொகையைச் சமையல்காரருக்குக் கொடுப்பது மேல் என்பது என் கட்சி. ஜெனரேட்டருக்கு என்பது என் மனைவியின் கட்சி.