டிங்கரிங் கடைக் கணக்கு

ரிட்டயர்மென்ட் பணத்தில் அப்பா ஆசையாக வாங்கிய காருக்கு நாலரை வயது. போன மாதம் சிக்னலில் நின்றபோது, பின்னால் வந்த வேன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பம்பர் உடைந்து, பின்கதவு நசுங்கிவிட்டது.

"ரெண்டையும் மாத்திடலாம், இன்ஷூரன்ஸ்தான் இருக்கே" என்றார்கள் சர்வீஸ் சென்டரில். பம்பர் 12,000, கதவு 16,000. எங்களுடையது ஜீரோ டெப் பாலிசி இல்லை. தேய்மானம் என்று பிளாஸ்டிக்குக்கு 50 சதவிகிதம், இந்த வயது காரின் உலோகப் பாகத்துக்கு 35 சதவிகிதம் கழிப்பார்கள். அதுபோக, சின்ன கார் என்பதால் கட்டாயக் கழிவு 1,000. ஆக, கையிலிருந்து 12,600; பெயின்ட் செலவில் எங்கள் பங்கு தனி. 4 வருடம் க்ளைம் போடாததால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைத்த 45 சதவிகித போனஸும் அடுத்த ரினியூவலில் காலி!

"தட்டி எடுத்துடலாம் சார், பம்பரை வெல்டு வெச்சுடலாம். பெயின்ட்டோட 9,000" என்றார் தெருமுனை டிங்கரிங் அண்ணன். கேட்டது நான், பதில் அப்பாவுக்கு!

"புதுக் கதவே போட்டுடலாமேம்மா..." அப்பாவுக்கு மனசே இல்லை. பேப்பரில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். மூன்று நாளும் பட்டறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெயிலில் பார்த்தால் பின்கதவின் நிறம் லேசாக வேறுபடும். அப்பா இப்போது காரை நிழலில்தான் நிறுத்துகிறார்.